துவைக்கப் போறது யாருன்னு கேட்டுட்டு பின்னுங்க

யாருக்காவது கையால ஒரு குல்லாவோ மஃப்ளரோ பின்னித் தரணும்னு முடிவு பண்ணிட்டா நான் மொதல்ல கேக்குறது உங்க வீட்டுல துணி எப்படி துவைப்பீங்கன்னு தான், கலர் எல்லாம் அப்புறம். மெஷினா, கையாலயா, வேலைக்கு வர்ற அக்கா துவைப்பாங்களா, சுடுதண்ணி ஊத்துவீங்களா, எங்க காயப்போடுவீங்க, எல்லாம் கேப்பேன். கேட்டா கொஞ்சம் முழிப்பாங்க. ஆனா பல வருஷமா ஊசியும் நூலுமா இருந்ததுல ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுடுச்சு, கைப்பின்னல் பரிசு நிறைய வீட்டுல பீரோ அடித்தட்டுல நாப்தலீன் உருண்டையோட கெடக்குது, புடிக்காம இல்ல, ரொம்ப புடிச்சுதான் கெடக்குது. இவ்ளோ மெனக்கெட்டு செஞ்சு குடுத்திருக்காங்களே, துவைச்சு கெடுத்துடக் கூடாதேன்னு பயந்து எடுத்து வெச்சுடுறாங்க. குல்லா தலையில இருக்கணும். அதுக்கு அந்த பயம் போகணும், அந்த பயம் போகணும்னா பின்னுற ஆளு நூல் கடையிலயே யோசிச்சிருக்கணும்.

நான் இருக்குறது குன்னூர்ல. கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,850 மீட்டர், ஊட்டி இன்னும் மேல 2,240 மீட்டர். மார்கழி தை மாசத்துல ஊட்டி பக்கம் விடியக்காலை புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும், அந்த நேரத்துலதான் பால்காரர், எஸ்டேட்டுக்கு போறவங்க, கேரட் மூட்டை ஏத்துறவங்க எல்லாரும் ரோட்டுல இருப்பாங்க. கீழ இருந்து டூர் வர்றவங்க மூணு நாளைக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு போயிடுவாங்க, எங்களுக்கு அது வருஷத்துல பாதி நாள் உடம்போட இருக்குற துணி. இதுல இன்னொரு தொல்லை, குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை, அந்த ரெண்டு மாசம் எதுவுமே காயாது. கனமான நூல்ல ஒரு ஸ்வெட்டர் பின்னி அதை துவைச்சுப் போட்டா நாள் கணக்குல ஈரமா தொங்கி, ஒரு வாடை வந்து, மடிப்புல பூஞ்சணம் புடிச்சுடும். அதனால நான் மலையில இருக்கவங்களுக்கு சின்ன சின்ன சாமானா பின்னித் தரேன், குல்லா, கழுத்துப்பட்டை, கைக்கு மணிக்கட்டு வரைக்கும் ஒரு உறை, முட்டிக்கு ஒண்ணு. சின்னதா இருந்தா ராத்திரி அடுப்பங்கரையில போட்டாலே காலையில காஞ்சுடும். ஸ்வெட்டர் வேணும்னா பஜார்ல லூதியானாவுல மெஷின்ல பின்னி வர்றது குறைஞ்ச விலைக்கே கிடைக்குது, அதோட போட்டி போட வேண்டிய அவசியமே இல்ல.

ஊசி பத்தி சொல்லணும், ஏன்னா இந்த ஒரு விஷயத்துல எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு மலை ரயில்ல போனா நடுவுல கேத்தி ஸ்டேஷன் வரும்ல, அந்த கேத்தி பக்கம் எல்லநள்ளியில இருக்குற நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1949ல இருந்து ஊசி செய்யுது. போனின்னு பேர் போட்டு வர்ற பின்னல் ஊசி, ஒத்தைக் கொக்கியால பின்னுற குரோஷா வேலைக்கான கொக்கி, தையல் ஊசி எல்லாம் அங்க செய்றதுதான், வெளிநாட்டுக்கும் போகுது. எங்கயோ குளிர் நாட்டுல ஒரு பாட்டி பேரனுக்கு சாக்ஸ் பின்னிட்டு இருக்குற ஊசி நம்ம கேத்தி பள்ளத்தாக்குல இருந்து போனதா இருக்கலாம், இதை நெனச்சா எனக்கு இப்பவும் சந்தோஷமா இருக்கும். ஆனா நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு பாத்தா ரொம்ப கம்மி.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஊசி நம்பர்ல குழம்புறாங்க, அதையும் சொல்லிடுறேன். பழைய கணக்குல நம்பர் கூடக் கூட ஊசி மெலிசு. 8ஆம் நம்பர்னா 4 மி.மீ, 10ஆம் நம்பர்னா 3.25 மி.மீ, 12ஆம் நம்பர்னா 2.75 மி.மீ. அம்மா கிட்ட இருந்து வந்த ஊசியில 10னு இருக்கும், யூட்யூப்ல 4 மி.மீ எடுங்கன்னு சொல்லுவாங்க, அமெரிக்க புஸ்தகத்துல வேற ஒரு நம்பர் இருக்கும். மி.மீ மட்டும் நம்புங்க. குரோஷாலயும் இதே கதைதான், அமெரிக்காக்காரங்க சிங்கிள்னு சொல்ற பின்னலை இங்கிலாந்துக்காரங்க டபுள்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல டீச்சரம்மா சொல்லிக்குடுத்தது எது வழின்னு தெரிஞ்சுக்காம பேட்டர்ன் எடுத்தா ஒரு பொருள் ரெண்டு மடங்கு உயரமா வளந்து நிக்கும்.

இப்ப நூல். நம்ம கடைகள்ல எல்லாத்துக்கும் ஒரே பேர்தான், உல்லன். "உல்லன் நூல் குடுங்கண்ணா"ன்னு கேட்டா அவர் எடுத்து வெக்கிற நூல்கண்டுல முக்காவாசி நூத்துக்கு நூறு அக்ரிலிக்ங்கிற செயற்கை நூல், ஆட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. லேபிளை திருப்பிப் பாத்தா போட்டிருக்கும். லேபிள் இல்லாம எடைக்குப் போட்டு வித்தா ஒரு விரல் நீளம் வாங்கி வந்து சிங்க் மேல வெச்சு நுனியில நெருப்பு காட்டுங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சுடும், மிச்சம் கையில நசுக்கினா பொடியாகும். அக்ரிலிக் உருகி கறுப்புப் புகை விட்டு கடைசியில கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும். பருத்தின்னா காகிதம் எரியுற வாசனை.

அக்ரிலிக்னா மட்டம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன். மெஷின்ல போடலாம், பூச்சி அரிக்காது, சீக்கிரம் காயும், குழந்தை வாந்தி எடுத்த குல்லாவை அலசி அலசிப் போடலாம். கம்பளிக்கு வேற ஒரு குணம் இருக்கு, தன் எடையில சுமார் 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள வாங்கிட்டும் தொட்டா நனைஞ்ச மாதிரி தெரியாது, நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு குடுக்கும். அதுக்கு நாம குடுக்குற விலை, துவைக்கிறதுல பாக்க வேண்டிய ஜாக்கிரதை. ஆட்டு முடி மேல செதில் செதிலா இருக்கும், சுடுதண்ணி, சோப்பு, கசக்குறது மூணும் சேந்தா அந்த செதில் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு இறுகிடும், பெரியவங்க குல்லா பொம்மைக்குப் போடுற அளவுக்கு சுருங்கிடும், திரும்ப பழையபடி வரவே வராது. செதிலை கெமிக்கல் போட்டு மழுக்குன கம்பளி இருக்கு, சூப்பர்வாஷ்னு லேபிள்ல போட்டிருக்கும், விலை கூட, ஆனா மெஷின் இருக்குற வீட்டுக்கு கம்பளிதான் குடுக்கணும்னா அதுதான் ஒரே வழி.

கம்பளின்னா ராஜஸ்தான், காஷ்மீர்னு நெனைக்கிறோம், எங்க மலைக்கும் ஒரு ஆடு இருக்குங்க. நீலகிரி செம்மறி. 19ஆம் நூற்றாண்டுல கோயம்புத்தூர் பக்கத்து ஆட்டோட டாஸ்மேனியன் மெரினோ மாதிரி வெளிநாட்டு ஆடுகள் கலந்து உருவான இனம், தென்னிந்தியாவுல மெல்லிய கம்பளி குடுக்குற ஆடு. ஊட்டிக்கு வெளிய சாண்டிநல்லாவுல செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க இந்த இனத்தை காப்பாத்தி வளக்குறாங்க, சாண்டினோன்னு ஒரு கலப்பினமும் அங்கதான் உருவாச்சு. இத்தனை இருந்தும் எங்க பஜார்ல போய் நீலகிரி ஆட்டு நூல் ஒரு கண்டு குடுங்கன்னு கேட்டு வாங்க முடியறதில்ல, இது எனக்கு மனசுக்குள்ள ரொம்ப நாள் ஆதங்கம். ஊசி இங்கயே செய்றோம், ஆடு இங்கயே மேயுது, குளிரும் இங்கதான் அடிக்குது, நூல் மட்டும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருது.

எஸ்டேட்ல கொழுந்து பறிக்கப் போற ஒரு அக்கா எங்க தெருவுல இருக்காங்க, அவங்களுக்கு பின்னித் தந்ததுலதான் நான் நிறைய கத்துக்கிட்டேன். மஃப்ளர் தரட்டுமாக்கான்னு கேட்டேன். "மஃப்ளர் வேண்டாங்கண்ணு, குனிஞ்சா நுனி செடியில மாட்டுது, சும்மா சும்மா எடுத்து வுட வேண்டியிருக்கு"ன்னாங்க. கையுறையும் வேண்டாம், விரல் மூடினா கொழுந்து புடிபடாது, காலையில பனி ஈரத்துல கைவிரல் மரத்துப் போகுதே தவிர மணிக்கட்டுல சூடு இருந்தா விரலும் ஓரளவு தாங்கும்னு அவங்களே சொன்னாங்க. ஆக அவங்களுக்கு வேண்டியது தொங்குற நுனி இல்லாத கழுத்துப்பட்டையும் விரல் இல்லாத கையுறையும். ரெண்டும் அக்ரிலிக்ல, ஏன்னா அவங்க வீட்டுல வெறகடுப்புல தண்ணி காய வெச்சு எல்லாத்தையும் சேத்துதான் ஊற வெப்பாங்க, தனியா ஒண்ணை எடுத்து பச்சத்தண்ணியில மெதுவா அலசுங்கன்னு வேலைக்கு போயிட்டு வந்த மனுஷிகிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. கலரு மட்டும் அவங்க இஷ்டம், மஞ்சள், நல்ல பளிச்சுனு, மூடுபனியில ரோட்டுல நடக்கும்போது ஜீப்புக்காரன் கண்ணுக்கு தெரியணும்னு காரணமும் சொன்னாங்க.

கழுத்துப்பட்டைக்கு கணக்கு ரொம்ப சுலபம். நடுத்தர கனம் நூல், 4 மி.மீ ஊசி, எனக்கு 10 செ.மீக்கு 22 கண்ணி, அதாவது ஊசியில நிக்கிற நூல் வளையம், வரும், உங்களுக்கு எவ்ளோ வருதுன்னு ஒரு சின்னத் துண்டு பின்னி, துவைச்சு, காய வெச்சு அப்புறம் அளந்து பாருங்க, துவைக்காத துண்டை அளக்குறது வேஸ்ட். 132 கண்ணி போட்டா சுத்தளவு 60 செ.மீ, தலை வழியா நுழையும், ரெண்டு நிட் (நேர் கண்ணி) ரெண்டு பர்ல் (திருப்பிப் போடுற கண்ணி) மாத்தி மாத்திப் போட்டு, இழுத்தா விரியுற வரிப் பின்னலா, அதாவது ரிப்பா, 25 செ.மீ உயரம் வரைக்கும் பின்னி, கடைசி வரிசையை தளர்வா முடிச்சா ஆச்சு. கையுறைக்கு 40 கண்ணி, அதே ரிப், சதுரமா ஒரு துண்டு பின்னி ஓரத்தை சேத்து தைக்கும்போது கட்டைவிரலுக்கு மட்டும் 5 செ.மீ தைக்காம விட்டா போதும். இதை விட எளிசான பரிசு கிடையாது, புதுசா கத்துக்கிறவங்க மஃப்ளர்ல ஆரம்பிக்காம இதுல ஆரம்பிக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், மஃப்ளர் பின்னப் பின்ன முடியாது, ஒன்றரை மீட்டருக்கு மேல ஒரே வரிசையைப் போட்டு மனசு விட்டுப் போயிடும், பாதியில கெடக்குற மஃப்ளர் எத்தனை வீட்டுல இருக்கோ.

குல்லா தான் எனக்கு ரொம்ப புடிச்ச வேலை, அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன். பெரியவங்க தலை சுத்தளவு 54ல இருந்து 58 செ.மீ இருக்கும். அதே அளவுக்கு குல்லா பின்னினா அது கண்ணு மேல எறங்கும். தலையை விட ஒரு 5, 6 செ.மீ சின்னதா இருந்தாதான் இழுத்துப் புடிச்சு நிக்கும், அந்த வேலையை பண்றது ரிப். 22 கண்ணி கணக்குல 112 கண்ணி எடுத்துக்குங்க. ஏன் 112ன்னா, நாலால வகுபடும், ரெண்டுக்கு ரெண்டு ரிப் சரியா வரும், எட்டாலயும் வகுபடும், உச்சியில எட்டு பாகமா குறைக்கலாம். ஓரத்துக்கு 3.25 ஊசி, அப்புறம் 4க்கு மாறிக்கலாம். காது மூடணும்னா ஓரத்தை மடக்குற மாதிரி 6 செ.மீ கூட பின்னணும், மலைக்காத்து காதுலதான் நுழையும், காது மூடாத குல்லா போட்டோவுக்குதான் ஆகும். மடிப்பை விட்டு 15 செ.மீ வந்ததும் 14 கண்ணிக்கு ஒரு தடவை ரெண்டை ஒண்ணாக்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குறைச்சுட்டே போயி, பாதி ஆனதுக்கு அப்புறம் எல்லா வரிசையிலயும் குறைச்சா கடைசியில எட்டு கண்ணி நிக்கும், நூலை அது வழியா விட்டு இழுத்து உள்பக்கம் கட்டிடணும். 100 கிராம்ல ஒரு குல்லா ஆகி கொஞ்சம் மிச்சமும் ஆகும்.

ரெண்டு நேர் ஊசியில பின்னினா பின்னாடி ஒரு தையல் வரும். வட்ட ஊசியில, அதாவது நடுவுல வளையுற கம்பியால சேத்த ரெண்டு ஊசியில, சுத்திச் சுத்திப் பின்னினா தையலே இல்ல. முண்டாசு மேல பாரம் சுமக்குறவங்க, ஹெல்மெட் போடுறவங்க, நாள் பூரா படுத்தே இருக்குற பெரியவங்க, இவங்களுக்கு அந்த தையல் தலையில குத்திட்டே இருக்கும், அவங்களுக்கு வட்ட ஊசியிலதான் பின்னணும். காது மெஷின் வெச்சிருக்க தாத்தா பாட்டிங்களுக்கு இன்னும் ஒரு யோசனை வேணும். கனமா இறுக்கமா காதை மூடினா மெஷின் கீச்சுன்னு கத்தும், அவங்க குல்லாவை கழட்டி வீசிடுவாங்க இல்ல மெஷினை கழட்டி வெச்சுடுவாங்க, ரெண்டும் நல்லது இல்ல. காது மேல வர்ற இடத்துல மட்டும் பெரிய ஊசியில தளர்வா பின்னிப் பாருங்க. ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லி, கூட உக்காந்து பேசிப் பாத்துட்டு அப்புறம் முடிச்சு போடுங்க.

சின்னக் குழந்தைக்கு பின்னுறதுன்னா எல்லாருக்கும் ஆசை பொங்கும், எனக்கும்தான். நம்ம பக்கம் பொறக்குறதுக்கு முன்னாடி புதுத்துணி வாங்க மாட்டாங்க, நான் அதை மதிக்கிறேன், அதுல ஒரு வசதியும் இருக்கு. பொறந்த குழந்தை தலை 33ல இருந்து 36 செ.மீ, ஆனா மூணே மாசத்துல 40 செ.மீ ஆயிடும். அதனால பொறந்த செய்தி வந்ததுக்கு அப்புறம் ஊசி எடுத்து ஆறு மாசக் குழந்தை அளவுக்கு பின்னுங்க, அது நாலு மாசமாவது போடும். ஓட்டை ஓட்டையா பூ டிசைன் போட்ட காலுறை, கையுறை வேண்டவே வேண்டாம், குட்டி விரல் அதுல மாட்டும். உள்பக்கம் நூல் தொங்கக் கூடாது, அது கால்விரல்ல சுத்திக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு போற அளவுக்கு ஆபத்து, வெளிய பாத்தா தெரியாது, குழந்தை அழுதுட்டே இருக்கும். பட்டன், மணி, கழுத்துல கட்டுற ரிப்பன் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில பொறந்ததும் குல்லா போடுறது தலை வழியா சூடு போயிடக் கூடாதுன்னுதான், ஆனா வீட்டுக்கு வந்த பிறகு தூங்கும்போது குல்லாவும் தளர்வான போர்வையும் வேண்டாம்னு குழந்தை டாக்டருங்க சொல்றாங்க, பரிசு குடுக்கும்போதே இதையும் குழந்தையோட அம்மாகிட்ட சொல்லிடுங்க. சொன்னா கோச்சுக்க மாட்டாங்க.

கீமோ எடுத்து முடி கொட்டிப் போனவங்களுக்கு குல்லா பின்னுறதும் நான் விடாம பண்ற வேலை. அங்க கம்பளி கூடவே கூடாது, அரிக்கும், தலைத்தோல் அப்ப அவ்ளோ நொந்திருக்கும். சாஃப்டான பருத்தி, இல்ல பருத்தி கலந்த நூல், தையல் இல்லாம, ரொம்ப இறுக்காம. துவைக்கிறது அந்த நேரத்துல அவங்க இல்ல, வீட்டுல வேற யாரோ, தினமும் மாத்தணும், சோப்பு போட்டு நல்லா துவைக்கணும். அதனால ஒண்ணு குடுக்காதீங்க, மெலிசா ரெண்டு குடுங்க.

நிட்டிங்கா குரோஷாவா எது நல்லதுன்னு அடிக்கடி கேக்குறாங்க. நீங்க போட்டிருக்க பனியனை எடுத்து உத்துப் பாருங்க, வரிசை வரிசையா குட்டி குட்டி வி தெரியும், அது நிட்டிங். திருப்பூர்ல பின்னலாடைன்னு சொல்றது இதைத்தான், அங்க வட்ட மெஷின் பின்னுது, நாம ரெண்டு ஊசியில பின்னுறோம், கண்ணி ஒண்ணேதான். இங்கிலாந்துல வில்லியம் லீன்னு ஒருத்தர் 1589லயே சாக்ஸ் பின்னுற மெஷின் செஞ்சுட்டார். குரோஷா அப்படி இல்ல, ஒரு கொக்கி, ஒரு நேரத்துல ஒரு கண்ணி, அந்த கை சுழற்சியை அப்படியே பண்ற மெஷின் இன்னும் கடைக்கு வரல. நீங்க எங்கயாவது குரோஷா பை, குரோஷா டாப் பாத்தா அது எவ்ளோ மலிவா இருந்தாலும் ஒரு மனுஷி உக்காந்து போட்டது. இழுத்தா விரியணும், உடம்போட ஒட்டணும்னா நிட்டிங் எடுங்க, குல்லா, கையுறை, சாக்ஸ். நிக்கணும், உருவம் மாறக் கூடாதுன்னா குரோஷா, பை, கூடை, பொம்மை, விரிப்பு. குரோஷா நூல் நிறைய குடிக்கும், அதையும் கணக்குல வெச்சுக்குங்க. ஒயர் கூடை பின்னிப் பழகுன அம்மாக்கள் குரோஷாவை ரொம்ப சீக்கிரம் புடிச்சுக்குறாங்க, கையில இழுவிசை ஏற்கனவே வந்திருக்கும், ஒயர் கூடையில சிவன் கண் டிசைன் போட்டவங்களுக்கு கிரானி ஸ்கொயர்ங்கிற குரோஷா சதுரம் ஒரு சாயங்கால வேலை.

சென்னையில இருக்க என் நாத்தனாருக்கும் அவங்க சுத்துக்கும் எல்லாமே பருத்தி குரோஷாதான். அந்த வெயில்ல மஃப்ளர் குடுத்தா அது அன்பு இல்ல. குக்கர் எறக்கி வெக்கிற மேட், ஆனா கண்டிப்பா பருத்தியில, அக்ரிலிக்ல போட்டா சூட்டுல உருகி பாத்திரத்தோட ஒட்டிக்கும். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்ல இருந்து வர்ற கனமான டி ஷர்ட் நூல்ல கால்மிதி, காய்கறி வாங்குற பை. நவராத்திரிக்கு கொலு பாக்க வர்றவங்களுக்கு வெச்சுக் குடுக்க பிளாஸ்டிக் டப்பா வாங்குறதுக்கு பதில் சின்ன சுருக்குப்பை போட்டுக் குடுக்கலாம், வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வெச்சு இழுத்துக் கட்ட அழகா இருக்கும். உள்ள ஒரு ரவிக்கைத் துணி லைனிங் வெச்சு தைச்சிடுங்க, இல்லன்னா சில்லறைக் காசு ஓட்டை வழியா விழும். நாத்தனார் முதல் வருஷம் ஒரு பத்து பை கேட்டாங்க, இப்ப ஆடி பொறந்ததுமே போன் வந்துடுது, "அண்ணி, இந்த வருஷம் மறந்துடாதீங்க"ன்னு. அந்தப் பைகளை அவங்க வீட்டுக்கு வந்தவங்க தாலிக்கயிறு, மோதிரம், மாத்திரை எல்லாம் போட்டு வெச்சுக்குறாங்களாம், இதைக் கேக்க எனக்கு அவ்ளோ திருப்தி.

இதையே விக்கிறவங்க பத்தி ஒரு வார்த்தை. ஒரு சுருக்குப்பைக்கு நூல் விலை மட்டும் கணக்கு போட்டு "இதுக்கா இவ்ளோ"ன்னு பேரம் பேசாதீங்க. தமிழ்நாட்டுல பொம்பளைங்க நூல் வேலையில சம்பாதிச்சது நேத்து இன்னைக்கு கதை இல்ல, 1820கள்லயே நாகர்கோவில்ல மிஷன் பள்ளிக்கூடத்துல திருமதி மால்ட் லேஸ் பின்னக் கத்துக்குடுத்தாங்க, அவங்க பொண்ணு எலிசா கால்டுவெல்லை கல்யாணம் பண்ணி இடையன்குடிக்குப் போய் அங்கயும் லேஸ் பள்ளி நடத்துனாங்க. அது கொக்கி வேலை இல்ல, தலகாணி மேல குச்சிகளை மாத்தி மாத்திப் போட்டு பின்னுற வேற ஜாதி லேஸ், ஆனா அந்த கைக்காசு எத்தனை வீட்டு அடுப்பை எரிய வெச்சிருக்கும். அயர்லாந்துல 1840கள் பஞ்சத்துல குரோஷா லேஸ் போட்டுத்தான் நிறைய குடும்பம் பொழச்சுது. நம்ம காலத்துலயே 2016 ஜனவரியில சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை போட்டு கின்னஸ் சாதனை பண்ணாங்க, ஊர் ஊரா இருந்து சின்னச் சின்ன போர்வையா அனுப்பி சேத்தது. எனக்கு அதுல சாதனையை விட புடிச்சது, அந்தப் போர்வைகள் தேவைப்பட்டவங்களுக்கு குடுக்கப்பட்டதுதான். அளந்து முடிச்சதும் போர்வை போர்வையாவே ஆயிடுச்சு.

மார்கழிக்கு பரிசு குடுக்கணும்னா ஆவணியிலயே நூல் வாங்கிடுங்க. ஒரே பொருளுக்கு வேண்டியதை ஒரே தடவை வாங்குங்க, லேபிள்ல டை லாட் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அதே கலர் அதே கம்பெனின்னாலும் சாயம் போட்ட தொட்டி மாறுனா பகல் வெளிச்சத்துல கோடு தெரியும். முடிஞ்சதும் ஒரு தடவை நீங்களே துவைங்க, முறுக்கிப் பிழியாம ஒரு துண்டுல சுருட்டி அமுக்குங்க, படுக்க வெச்சு காய வையுங்க, கொடியில தொங்கவிட்டா தண்ணி பாரம் இழுத்து நீண்டுடும். கம்பளியா இருந்தா பீரோவுல வசம்பு ஒரு துண்டு போட்டு வெக்கச் சொல்லுங்க.

பரிசோட நான் ஒரு சின்ன அட்டை வெப்பேன். நூல் என்ன, எப்படி துவைக்கணும், எது கூடாது, இவ்ளோதான், பெரிய எழுத்துல தமிழ்ல. வாஷிங் சிம்பல் எல்லாம் போட மாட்டேன், அது யாருக்கும் புரியறதில்ல. அந்த அட்டையில அதே நூல் ஒரு மூணு மீட்டர் சுத்தி வெப்பேன், பிரிஞ்சா சரி பண்ண. ஒரு கண்ணி நழுவுனா ஏணி மாதிரி கீழ வரைக்கும் எறங்கும், பாத்தா எல்லாம் போச்சுன்னு தோணும், ஆனா அடியில நிக்கிற கண்ணியில குரோஷா கொக்கியை விட்டு மேல இருக்குற படி ஒவ்வொண்ணையும் இழுத்து இழுத்து ஏத்துனா அஞ்சே நிமிஷத்துல மேல வந்துடும், தழும்பே தெரியாது. அதுக்கு பொறுமை இல்லாதவங்க அந்த எடத்துல ஒரு சேஃப்டி பின் குத்தி, இன்னும் கீழ எறங்காம நிறுத்தி, அப்படியே கவர்ல போட்டு எனக்கு அனுப்பிடுங்கன்னு அட்டையோட கடைசி வரியில எழுதி வெப்பேன். அனுப்புறாங்க. நைஞ்சு போய், கலர் மங்கி, எண்ணெய் வாசத்தோட வருது, சரி பண்ணி திருப்பி அனுப்புறேன். அந்த எஸ்டேட் அக்காவோட மஞ்சள் பட்டை இப்ப என் மேஜை மேலதான் இருக்கு, ஓரம் ஒரு எடத்துல பிரிஞ்சிருக்கு, நாளைக்கு காலையில வேலைக்கு போறதுக்குள்ள குடுக்கணும்.